வௌவால்களின் இனப்பெருக்க உறுப்புகளை ஒப்பிட்டுப் பாகுபாடும் கூர்ப்பும் படிப்பது: முழுமையான வழிகாட்டி

செத்த வௌவால் ஒன்று கையில் கிடைத்ததும் எல்லோரும் முதலில் தேடுவது கத்தரிக்கோலை. பாதி வேலை அங்கேயே கெட்டுவிடுகிறது. திருகோணமலையில் சில ஆண்டுகளாக மாணவர்களோடு இந்த வேலையைச் செய்து வருகிறேன். வெட்டுவதில் அவர்கள் அவ்வளவாகத் தடுமாறுவதில்லை. வெட்டுமுன் எதைக் குறித்திருக்க வேண்டும், வெட்டிக் கண்டதை எதற்குச் சான்றாக வைக்கலாம் என்ற இரண்டு இடங்களில்தான் தடுமாறுகிறார்கள். அதனால் படிகளை நான் செய்யும் வரிசையிலேயே எழுதுகிறேன். வரிசையை மாற்றினால் பின்னால் சரிசெய்ய முடியாத இடங்கள் சில உண்டு.

1. முதலில் கேள்வி, அப்புறம் உறுப்பு

எல்லா உறுப்பும் எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லாது. ஆணின் உறுப்புகள் இனச்சேர்க்கைப் போட்டிக்கு உட்பட்டவை, வேகமாக மாறுபவை. ஒரே சாதிக்குள் (நெருங்கிய இனங்களின் தொகுதிக்குள்) இருக்கும் இனங்களைப் பிரிக்க அவை அருமையானவை. ஆனால் குடும்பங்களுக்கிடையிலான பழைய உறவை அவற்றிடம் கேட்டால் உளறும். பெண்ணின் கருப்பையும் கருப்பைக் கழுத்தும் மெதுவாக மாறுகின்றன. குடும்ப மட்டக் கேள்விக்கு அவைதான் சரி.

நம் பக்கத்துச் சின்ன வௌவால்களில் பிபிஸ்ட்ரெல்லஸ் கோரமண்ட்ரா, பிபிஸ்ட்ரெல்லஸ் டெனூயிஸ் இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். முன்னங்கை நீளம் ஒன்றன்மேல் ஒன்று விழுகிறது, நிறமும் நம்ப முடியாதது. இங்கே ஆண்குறிக்குள் இருக்கும் சிறு என்பு, அதாவது பகுலம், உதவும். கேள்வி 'பழந்தின்னி வௌவாலுக்கு லாட வௌவால் கிட்டிய உறவா?' என்பதாக இருந்தால் பகுலத்தை எடுத்து மினக்கெட வேண்டாம்.

ஆணின் விதையின் (விந்தகத்தின்) நிறையைப் பாகுபாட்டுக்கு எடுக்கவே வேண்டாம். வௌவால் இனங்களில் அது உடல் நிறையின் 0.12 வீதத்திலிருந்து 8.4 வீதம் வரை போகிறது. பெண்கள் எத்தனை ஆண்களோடு சேர்கின்றன, அது எந்தப் பருவம் என்பவையே அதைத் தீர்மானிக்கின்றன. உறவுமுறைக்கு அதில் பெரிய பங்கில்லை.

2. அனுமதியும் தடுப்பூசியும்

வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் எழுத்து மூல அனுமதி கைக்கு வரும்வரை எதையும் பிடிக்க வேண்டாம், செத்ததைக்கூட எடுத்து வைக்க வேண்டாம். விண்ணப்பத்தில் இனப் பெயர்கள், எண்ணிக்கை, இடம், மாதிரி கடைசியில் எங்கே போகும் என்ற நான்கையும் எழுதுங்கள். பல விண்ணப்பங்கள் கடைசி விடயம் இல்லாமல்தான் திரும்பி வருகின்றன. நம் பழந்தின்னி வௌவால் அடங்கும் டெரோபஸ் சாதி, முதலாம் பின்னிணைப்பில் உள்ள சில இனங்கள் நீங்கலாக, காட்டுயிர்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பின்னிணைப்பில் இருக்கிறது. பழந்தின்னி வௌவாலின் ஒரு துண்டு இழையத்தை வெளிநாட்டு ஆய்வுகூடத்துக்கு அனுப்புவதானால் அதற்குத் தனி அனுமதி வேண்டும்.

விசர்நாய்க்கடித் தடுப்பூசியை வேலை தொடங்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள். 'இலங்கை வௌவாலில் அதெல்லாம் இல்லை' என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். விசர்நாய்க்கடி வைரசின் உறவான கன்னொறுவ வௌவால் லிசாவைரஸ் கண்டுபிடிக்கப்பட்டதே நம் நாட்டுப் பழந்தின்னி வௌவாலில்தான். கடித்தாலோ கீறினாலோ சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு ஆசுபத்திரிக்குப் போங்கள். தடுப்பூசி போட்டிருந்தாலும் போக வேண்டும்.

3. கையில் இருக்க வேண்டியவை

இருவிழி நுணுக்குக்காட்டி, நுண்முனை இடுக்கி இரண்டு, கண் அறுவைக் கத்தரிக்கோல், வேர்னியர், பத்து வீதத் தாங்கற்படுத்திய போமலின், 70 வீத, 95 வீத எதனோல், பொற்றாசியம் ஐதரொட்சைட்டு, அலிசரின் சிவப்பு, கிளிசரின், தைமோல் பளிங்கு. இவற்றோடு தடித்த காகிதமும் பென்சிலும். குமிழ்முனைப் பேனாவின் மை எதனோலில் கரைந்துவிடும். பெயர் அழிந்த இருபது போத்தல்களை மேசையில் வரிசையாக வைத்துவிட்டு விழித்த ஒரு பிற்பகல் எனக்கும் இருந்தது.

இன்னும் இரண்டு சாமான். ஒன்று, மீன்காரர் வைத்திருக்கும் றெஜிபோம் பெட்டி. மற்றது, மிக மெல்லிய தங்கூசி நூல் (மீன்பிடி நைலோன் நூல்) ஒரு சுருள். எதற்கென்று நான்காம், ஏழாம் படிகளில் தெரியும்.

4. மாதிரியை எடுப்பதும் காப்பதும்

இந்த வேலைக்காக வௌவாலைக் கொல்ல வேண்டிய தேவை பெரும்பாலும் வராது. உவர்மலைப் பக்கம் மின்கம்பியில் அடிபட்ட பழந்தின்னிகள், காற்றாடியில் மாட்டிய சின்ன வௌவால்கள், பூனை கவ்விக்கொண்டு வந்தவை என்று சேர்ந்துகொண்டே இருக்கும். பழைய நூதனசாலை மாதிரிகளும் உண்டு.

சிக்கல் வெயில்தான். கச்சான் காற்றுக் காலத்தில் காலை எட்டு மணிக்கு விழுந்த வௌவாலின் குடல் மதியத்துக்குள் அழுகத் தொடங்கும். குடலை ஒட்டிக் கிடக்கும் கருப்பையின் உட்படை அதோடு போய்விடும். ஆகவே றெஜிபோம் பெட்டியில் ஐஸ் போட்டு, வௌவாலைப் பொலித்தீன் பையில் கட்டி மேலே வையுங்கள். ஐஸ் நேரே படக் கூடாது. உறைபெட்டியிலும் போட வேண்டாம். உறைந்து உருகும்போது கலங்கள் வெடித்து, வெட்டுமுகம் எடுக்க உதவாமல் போகும்.

கம்பியிலேயே நாட்கணக்கில் தொங்கிக் காய்ந்ததை எறிந்துவிடாதீர்கள். அது ஆணாக இருந்தால் பகுலம் தப்பியிருக்கும்.

5. வெட்டுமுன் வெளியே பார்ப்பது

அவசரப்படுகிறவர்கள் தாண்டிப் போகும் படி இது. எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். உயிருள்ள வௌவாலிலும் செய்யலாம், பிடித்துப் பார்த்துவிட்டு விட்டுவிடலாம்.

முதலில் வயது. சிறகை விரித்து, விரல் மூட்டுக்குப் பின்னால் டோர்ச் வெளிச்சம் பிடியுங்கள். மூட்டருகே ஒளி ஊடுருவும் பட்டை தெரிந்தால் அங்கே இன்னும் கசியிழையம் இருக்கிறது, அது குட்டி. மூட்டு உருண்டு திரண்டு ஒளி விடாமல் இருந்தால் வளர்ந்தது. வயது தெரியாமல் எடுத்த எந்த அளவும் ஒப்பீட்டுக்கு ஆகாது. குட்டியின் பகுலத்தைப் பார்த்துவிட்டு 'புது இனம்' என்று துள்ளியவர்களை எனக்குத் தெரியும்.

அடுத்தது பொய்முலைக்காம்பு. பால் தரும் காம்புகள் மார்பில், அக்குளை ஒட்டி இருக்கும். சில குடும்பங்களின் பெண்களில் இவை தவிர, அடிவயிற்றின் கீழே பிறப்புறுப்புக்குச் சற்று முன்னால் இன்னும் இரண்டு காம்புகள் இருக்கும். தாய் பறக்கும்போது குட்டி வாயால் கவ்விப் பிடித்துத் தொங்குவதற்கு அவை. லாட வௌவால் குடும்பமான ரைனோலோபிடே, இலைமூக்கு வௌவால் குடும்பமான ஹிப்போசிடெரிடே, பொய்யிரத்தக்காட்டேரி வௌவால் குடும்பமான மெகாடெர்மாடிடே மூன்றிலும் இது உண்டு. பழந்தின்னிகளிலும் டஃபோசஸ் போன்ற பை வௌவால்களிலும் பிபிஸ்ட்ரெல்லஸ் கூட்டத்திலும் கிடையாது.

புதியவர்கள் இடறும் இடம்: குட்டி போடாத பெண்ணில் இந்தக் காம்பு ஒரு புள்ளியளவே, மயிருக்குள் மறைந்துவிடும். கன்னியா வெந்நீர் ஊற்றுப் பக்கம் பிடித்துவிட்ட ஹிப்போசிடெரோஸ் ஸ்பியோரிஸ் பெண் ஒன்றுக்கு என் மாணவி 'இல்லை' என்று எழுதினாள். ஈரப் பஞ்சால் மயிரை இரு பக்கமும் ஒதுக்கிக் கைவில்லையில் காட்டினேன். ஊசிமுனையால் குத்தியதுபோல இரண்டு வெளிறிய மேடுகள். வளர்ந்த, குட்டி போட்ட பெண்ணைப் பாராமல் 'இல்லை' என்று எழுதவே கூடாது. தெரியாவிட்டால் கேள்விக்குறி போடுங்கள்.

பிறகு முன்னங்கை நீளம், நிறை, மார்புக் காம்பைச் சுற்றி மயிர் உதிர்ந்திருக்கிறதா, வயிறு பெருத்திருக்கிறதா என்பவை. திகதியைக் கட்டாயம் எழுதுங்கள். மாரி மழைக்கு முன்னும் பின்னும் அதே இனத்தின் கருப்பை வேறு உறுப்பு மாதிரித் தெரியும்.

6. இழையத் துண்டு, பிறகு போமலின்

வரிசை மாறினால் மீள முடியாத இடம் இது. போமலின் டி.என்.ஏ.யைச் சிதைக்கும். ஆகவே முதலில் மார்புத் தசையில் ஓர் அரிசியளவு எடுத்து 95 வீத எதனோலில் போடுங்கள். அதன் பிறகே உடலைப் போமலினில் இறக்குங்கள். நாளைக்கு உங்கள் இன அடையாளம் சந்தேகமானால் காப்பாற்றப் போவது அந்த அரிசிதான்.

வயிற்றின் நடுவே சிறு கீறல் போட்டால்தான் போமலின் உள்ளே போகும். உடலின் பருமனைப் போலப் பத்து மடங்கு திரவம் வேண்டும். சின்ன வௌவாலுக்கு ஒரு நாள், பழந்தின்னிக்கு இரண்டு நாள். பிறகு தண்ணீரில் கழுவி 70 வீத எதனோலுக்கு மாற்றுங்கள்.

தாங்கற்படுத்தாத போமலின் நாளடைவில் அமிலமாகி என்பிலுள்ள கல்சியத்தைக் கரைக்கும். பூவின் (Bouin) என்ற பதப்படுத்தும் கரைசலிலும் அமிலம் இருக்கிறது, மென்னிழையத்துக்கு மட்டும் அதைப் பயன்படுத்தலாம். ஆண் மாதிரியை அதில் போட்டால் பகுலத்தைக் கரைத்துக் குடித்தமாதிரி.

7. பெண்: கருப்பையைத் திறப்பது

வௌவாலை மல்லாக்கக் கிடத்தினால் அதன் வலது உங்கள் இடதில் இருக்கும். எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் தவறுவார்கள். போதாததற்குச் சில நுணுக்குக்காட்டிக் கமராக்கள் படத்தைப் புரட்டிவிடும். நான் வெட்டுமுன்பே விலங்கின் வலப் பக்கத்தில் ஒரு குண்டூசி குத்தி, அதில் 'வ' என்று எழுதிய காகிதத்தைச் செருகிவிடுவேன். ஒவ்வொரு படத்திலும் அந்த 'வ' விழ வேண்டும்.

இவ்வளவு கவனம் எதற்கு? பல வௌவால்களில் இரு பக்கமும் ஒரேமாதிரி வேலை செய்வதில்லை. மினியோப்டெரஸ் என்ற வௌவால் சாதியில் சூல் இடது சூலகத்திலிருந்து வெளிவரும், முளையமோ வலது கருப்பைக் கொம்பில் பதியும். இடம் வலம் மாறினால் இந்தப் பண்பே தலைகீழாகப் பதிவாகும்.

இனிக் கருப்பை எந்த வகை என்று பார்க்க வேண்டும். வெளித்தோற்றத்தை நம்பாதீர்கள். வெளியே ஒன்றாக ஒட்டியிருக்கும் கொம்புகள் உள்ளே தனித்தனியாக ஓடலாம். கருப்பைக் கழுத்துக் கால்வாய் எத்தனை என்று எண்ணுங்கள், அதுதான் சரியான சோதனை. இரண்டு கால்வாய் தனித்தனியே யோனிக்குள் திறந்தால் அது இரட்டைக் கருப்பை. ஒரே கால்வாய், மேலே இரண்டு கொம்பு என்றால் இருகொம்புக் கருப்பை. கொம்பே இல்லாமல் ஒரே அறையாக இருந்தால் தனிக் கருப்பை. பழந்தின்னிகளில் இரட்டைக் கருப்பையும், மற்ற வௌவால்கள் பெரும்பாலானவற்றில் இருகொம்புக் கருப்பையும், அமெரிக்காவின் இலைமூக்கு வௌவால்கள் பலவற்றில் தனிக் கருப்பையும் இருக்கின்றன.

தங்கூசி இங்கேதான் வருகிறது. மின்கம்பியில் அடிபட்ட பழந்தின்னிப் பெண்ணில், யோனியை நடுவே நீளவாக்கில் கீறி விரித்து, தங்கூசித் துண்டு ஒன்றை மெதுவாக உள்ளே தள்ளினோம். வலது கொம்பின் நுனியில் முட்டியது. அதை அங்கேயே விட்டுவிட்டு இரண்டாவதைத் தள்ளினால் அது பக்கத்துத் துளையால் இடது கொம்புக்குள் போனது. இரண்டு நூலும் வழியில் எங்கேயும் தொட்டுக்கொள்ளவில்லை. புத்தகப் படத்தைப் பத்துத் தடவை பார்ப்பதைவிட அந்த ஒரு நிமிடம் பெரிது. நூலின் நுனியை நெருப்பில் காட்டி மொட்டையாக்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அது சுவரைக் குத்திப் புது வழி உண்டாக்கும், நீங்கள் அதையும் கால்வாய் என்று எண்ணுவீர்கள்.

சின்ன வௌவால்களில் தங்கூசி போகாது. மெழுகில் பதித்து, யோனியிலிருந்து மேல்நோக்கித் தொடர் குறுக்குவெட்டு எடுத்துத்தான் எண்ண வேண்டும். நாலைந்து வெட்டுக்கு ஒன்றை எடுத்துப் பார்ப்பது சுலபம் என்று தோன்றும். இரு கால்வாயும் சேரும் இடம் அந்த இடைவெளியில் ஒளிந்துகொள்ளும். எல்லாவற்றையும் பாருங்கள்.

கருவுற்ற பெண்ணில் ஒரு கொம்பு வீங்கியிருப்பது பண்பல்ல, அது நிலை. இரண்டையும் வேறு வேறு நிரலில் எழுதுங்கள். சூல்வித்தகம், கருவுணவுப்பை பற்றிய ஒப்பீடு வளமானது. ஆனால் கர்ப்பத்தின் வெவ்வேறு கட்டங்களில் மாதிரி வேண்டும். முதல் ஆய்வுக்கு அதை எடுக்காதீர்கள்.

8. ஆண்: பகுலத்தை எடுப்பது

ஆண்குறியை அடியோடு வெட்டி எடுத்து, எதனோல் போகத் தண்ணீரில் ஊற வையுங்கள். காய்ந்த மாதிரியானால் ஒரு நாள் ஊற வேண்டும். பிறகு பொற்றாசியம் ஐதரொட்சைட்டுக் கரைசல். பிபிஸ்ட்ரெல்லஸ் அளவுக்கு இரண்டு வீதம், பழந்தின்னிக்கு ஐந்து வீதம் வரை. அதில் அலிசரினை இளம் ஊதா வரும்வரை சில துளி விடுங்கள். இழையம் கண்ணாடிபோலத் தெளியும், என்பு சிவக்கும்.

எத்தனை மணி நேரம் என்று கேட்பார்கள். மணிக்கணக்குச் சொல்ல முடியாது. சில மணிக்கொருதரம் எடுத்துப் பார்ப்பதுதான் வழி. இரவில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனவர்களுக்குக் காலையில் போத்தலின் அடியில் தனியே கிடக்கும் ஒரு துண்டு என்பு மிஞ்சும், எது மேற்புறம் எது கீழ்ப்புறம் என்று தெரியாது. தசை கொஞ்சம் ஒட்டியிருக்கும்போதே நிறுத்துங்கள். அவசரத்துக்குக் கொதிக்க வைக்கவும் வேண்டாம், சின்ன பகுலம் வளைந்துவிடும்.

அடுத்து ஐதரொட்சைட்டும் கிளிசரினும் சரிபாதி, கடைசியில் தனிக் கிளிசரினும் பூஞ்சணம் பிடிக்காமலிருக்க ஒரு தைமோல் பளிங்கும். கிளிசரினில் இருக்கும்போதே மேல், கீழ், பக்கம் என மூன்று பார்வையில் வரைந்து அளந்துகொள்ளுங்கள். பிபிஸ்ட்ரெல்லஸில் நீண்ட மெல்லிய தண்டும் பிளந்த நுனியும் தெரியும். எப்டெசிகஸ் என்ற சாதியில் சிறிய முக்கோணம். மினியோப்டெரஸில் எவ்வளவு தேடினாலும் இருக்காது, அதில் பகுலமே இல்லை. ஆனால் 'இல்லை' என்று எழுதுமுன் அதே கரைசலில் பகுலம் உள்ள ஓர் இனத்தையும் போட்டுப் பாருங்கள். சாயம் பழுதாக இருந்தாலும் 'இல்லை'தான் வரும்.

ஓர் இனத்துக்கு ஒரு பகுலம் போதாது. குறைந்தது ஐந்து வளர்ந்த ஆண்கள் இருந்தால்தான் இனத்துக்குள் எவ்வளவு மாறுகிறது என்று பேசலாம்.

9. கண்டதை அட்டவணையாக்குவது

ஒவ்வொரு நிரலிலும் ஒரு பண்பு. பொய்முலைக்காம்பு உண்டா, கழுத்துக் கால்வாய் ஒன்றா இரண்டா, பகுலம் உண்டா, அதன் நுனி பிளந்ததா என்று போகும். பகுலமே இல்லாத இனத்துக்கு 'நுனி பிளந்ததா' என்ற நிரலில் சுழியம் போடாதீர்கள், கோடு போடுங்கள். சுழியம் போட்டால் பகுலம் இல்லாத இனங்களும் பிளவுபடாத பகுலம் உள்ள இனங்களும் ஒரே கூட்டமாகச் சேர்ந்துவிடும்.

எது பழைய நிலை, எது புதிது என்று அறிய வெளிக்கூட்டம், அதாவது ஒப்பிட வௌவால் அல்லாத ஒரு விலங்கு, வேண்டும். வௌவால்கள் லோராசியாதீரியா என்ற பெரிய முலையூட்டிக் கூட்டத்தைச் சேர்ந்தவை. அதற்குள் இருக்கும் மூஞ்சூறு நல்ல வெளிக்கூட்டம், கிடைப்பதும் கஷ்டமில்லை. சில உடலமைப்பு ஒற்றுமைகளை நம்பியவர்கள் பழந்தின்னிகளைக் குரங்குக்கு உறவாக்கிய கதை உண்டு. தொங்கும் ஆண்குறி அதற்கு ஒரு சான்றாகச் சொல்லப்பட்டது. டி.என்.ஏ. அதை ஏற்கவில்லை.

10. மரத்தில் வைத்துப் பார்ப்பது

உங்கள் அட்டவணையிலிருந்து மட்டும் மரம், அதாவது கூர்ப்பு உறவைக் காட்டும் கிளைப்படம், கட்டாதீர்கள். பத்துப் பன்னிரண்டு பண்புக்கு எந்த மரமும் நிற்கும். ஏற்கெனவே உள்ள டி.என்.ஏ. மரத்தை எடுத்து, அதன் மேல் பண்புகளை வையுங்கள். மெஸ்கிட் என்ற இலவச மென்பொருள் போதும்.

இலங்கையின் சுமார் 30 இனங்கள் எட்டுக் குடும்பங்களில் அடங்கும். டி.என்.ஏ. மரம் வௌவால்களை இரண்டு பெரிய கிளைகளாகப் பிரிக்கிறது. பழந்தின்னி, லாடம், இலைமூக்கு, பொய்யிரத்தக்காட்டேரி நான்கும் யின்டெரோகைரொப்டெரா பக்கம். பை வௌவால், மாலை வௌவால் (பிபிஸ்ட்ரெல்லஸ் அடங்கும் குடும்பம்), மினியோப்டெரஸ், வால்நீட்டி வௌவால் நான்கும் யாங்கோகைரொப்டெரா பக்கம். பொய்முலைக்காம்பை இதில் வையுங்கள். பழந்தின்னி தவிர்ந்த யின் பக்கத்துக் கிளையில் அது ஒரு தடவை தோன்றியதாக வரும்.

உடனே 'பொய்முலைக்காம்பு இந்தப் பாகுபாட்டை நிரூபிக்கிறது' என்று எழுதிவிடுவார்கள். பொறுங்கள். பழந்தின்னியைத் தனியாகவும் மற்ற எல்லாவற்றையும் ஒன்றாகவும் வைத்த பழைய மரத்தில் அதே பண்பை வைத்துப் பாருங்கள். அங்கேயும் ஒரு தடவைதான் தோன்றும். அந்த மூன்று குடும்பங்களும் தம்முள் உறவு என்பதை அது காட்டுகிறது. பழந்தின்னி எங்கே போகும் என்பதைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. ஒவ்வொரு பண்பையும் இப்படிப் போட்டி மரங்கள் இரண்டிலும் எண்ணிப் பார்த்த பிறகுதான் வாய் திறக்க வேண்டும்.

பழந்தின்னியின் இரட்டைக் கருப்பையும் அப்படித்தான். அது பழைய நிலையென்றால் யாரையும் யாரோடும் சேர்க்காது.

உறுப்பும் டி.என்.ஏ.யும் ஒத்துப்போகும் இடங்களும் உண்டு. 1987இல் ஹில், ஹாரிசன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் மாலை வௌவால்களின் பகுலங்களை ஒப்பிட்டு வகைப்படுத்தியபோது ஹிப்சூகோ கூட்டம் பிபிஸ்ட்ரெல்லஸிலிருந்து வேறுபட்டு நின்றது. பின்னர் டி.என்.ஏ.யும் அதைத் தனிச் சாதியாகவே காட்டியது. மினியோப்டெரஸின் விசித்திரங்களும் அது தனிக் குடும்பம் என்பதோடு பொருந்துகின்றன.

ஏமாற்றும் இடங்கள் இதைவிட அதிகம். முலையூட்டிகளில் பகுலம் குறைந்தது 9 தடவை தோன்றி 10 தடவை மறைந்திருக்கிறது என்று 2016இல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. ஆகவே 'பகுலம் இல்லை' என்ற ஒற்றுமை மட்டும் உறவைக் காட்டாது. அமெரிக்க இலைமூக்கு வௌவாலிலும் பகுலம் இல்லை, மினியோப்டெரஸிலும் இல்லை. இரண்டும் வேறு வேறாக இழந்தவை. மாதவிடாயும் அப்படியே. அது குரங்கினங்களில் இருக்கிறது, சில அமெரிக்க வௌவால்களில் இருக்கிறது, நம் நாட்டிலும் இருக்கும் ரூசெட்டஸ் லெஷெனோல்டி என்ற பழந்தின்னியிலும் இருக்கிறது. தொழிலொத்தது வேறு, அமைப்பொத்தது வேறு என்று உயர்தரத்தில் மனப்பாடம் செய்தது இங்கேதான் தேவைப்படும்.

வடிவத்தைப் பார்த்துத் தொழிலை ஊகிப்பதிலும் நிதானம் வேண்டும். எப்டெசிகஸ் செரோடினஸ் என்ற ஐரோப்பிய வௌவாலின் விறைத்த ஆண்குறி பெண்ணின் யோனியைவிட ஏழு மடங்கு நீளம். அது உள்ளே நுழைக்காமலே சேருகிறது என்பது 2023இல்தான் தெரியவந்தது. மேசையில் அளவை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் அதைச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

11. மாதிரியை ஒப்படைப்பது

ஆய்வு முடிந்ததும் உடல், மண்டையோடு, பகுலப் போத்தல், கண்ணாடித் தகடுகள், எதனோலில் உள்ள அரிசியளவு தசை எல்லாவற்றுக்கும் ஒரே எண் கொடுத்து, அனுமதியில் எழுதிய நூதனசாலையில் ஒப்படையுங்கள். பகுலப் போத்தலின் உள்ளே ஒரு பென்சில் சீட்டு, வெளியே ஒன்று. வெளியே ஒட்டியது கிளிசரின் பட்டு உரியும். உள்ளே இருப்பது உரியாது.